மட்ஸாப் பொடியில் கேக் சுடலாமா? பஸ்காவின் புளிப்பு விதிக்கு ஓர் அறிமுகம்

பஸ்கா பண்டிகையின் முதல் இரவில், செதேர் என்னும் சடங்கு விருந்து முடியும் வேளையில், பல யூத வீடுகளில் நன்றாக உப்பி எழுந்த கேக் ஒன்று மேசைக்கு வருவதுண்டு. புளித்த அப்பத்தின் துணுக்குகூட வீட்டில் தங்கிவிடக் கூடாது என்று பல நாட்களாக அலமாரிகளைத் துடைத்து, சட்டைப் பைகளை உதறி, அடுப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்த அதே குடும்பம்தான் அந்தக் கேக்கையும் சுட்டிருக்கும். அதில் இருப்பது கோதுமைதான். ஆனால் மாவாக இல்லாமல், ஏற்கெனவே சுட்ட மட்ஸா என்னும் புளிப்பில்லா அப்பத்தை அரைத்தெடுத்த பொடியாக இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு இது விதியை மதிப்பதுபோலக் காட்டி ஏய்க்கும் தந்திரமாகத் தோன்றலாம். அது தந்திரம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, பஸ்கா எதைத் தடை செய்கிறது என்பதை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குப் 'புளிப்பில்லாத அப்பம்' என்ற தொடர் பழக்கமானது. எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்ட இஸ்ரவேலர், பிசைந்த மாவு புளிப்பதற்குக் காத்திருக்க நேரமில்லாமல் அப்படியே அப்பங்களாகச் சுட்டார்கள் என்று யாத்திராகமத்தின் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த நினைவாக நிசான் மாதம் 15ஆம் நாள் தொடங்கி, இஸ்ரேல் நாட்டில் 7 நாட்களும், அதற்கு வெளியே பாரம்பரிய முறையைப் பின்பற்றும் சமூகங்களில் 8 நாட்களும் பஸ்கா கொண்டாடப்படுகிறது. அந்த நாட்களில் உண்ணத் தகும் புளிப்பில்லா அப்பத்துக்கு எபிரேய மொழியில் 'மட்ஸா' என்று பெயர். தடை செய்யப்பட்ட புளித்த தானியப் பொருளுக்கு 'ஹமேட்ஸ்' என்று பெயர். ஹமேட்ஸை உண்பது மட்டுமல்லாமல், அதைச் சொந்தமாக வைத்திருப்பதும் தடைக்குள் வருகிறது.

ஹமேட்ஸ் என்றால் 'உப்பியது' என்று பொருள் கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. யூதச் சட்டத்தின் இலக்கணப்படி ஹமேட்ஸ் உண்டாவதற்கு மூன்று சேர வேண்டும்: கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் என்று மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பின் வழியாக அறியப்படும் ஐந்து தானியங்களில் ஒன்று, தண்ணீர், நெருப்புப் படாமல் கழியும் நேரம். இம்மூன்றும் சேர்ந்தால், மாவு கண்ணுக்குத் தெரியும்படி எழும்பாவிட்டாலும் அது ஹமேட்ஸ்தான். இவற்றில் ஒன்று குறைந்தால், எவ்வளவு உப்பினாலும் நுரைத்தாலும் அது ஹமேட்ஸ் ஆகாது. செதேர் விருந்தில் நான்கு கோப்பை திராட்சை ரசம் அருந்துவது கடமையாகவே இருக்கிறது; அது முழுக்க முழுக்க நொதித்த பானம், ஆனால் அதில் தானியம் இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து நுரையாக்கினால் அது பலமடங்கு பெருகும், அதுவும் குற்றமில்லை.

நம் இட்லி மாவு இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு எழுவது இயல்பு. அரிசி உண்மையாகப் புளிக்குமா என்பதை, மிஷ்னாவை விரித்து ஆராயும் தல்மூத் என்னும் நூலே விவாதிக்கிறது. ஐந்து தானியங்களும் தண்ணீர் பட்டால் புளிப்பை அடைகின்றன, அரிசியோ புளிப்பை அடையாமல் கெட்டுப்போகும் நிலையை அடைகிறது என்பது அங்கே நிலைபெற்ற கருத்து. அரிசியையும் தானியமாகவே கருத வேண்டும் என்று சொன்ன யோகனான் பென் நூரி என்னும் ரபியின், அதாவது யூதச் சட்ட அறிஞரின், மாற்றுக் கருத்து ஏற்கப்படவில்லை. இரவெல்லாம் பொங்கி வழிந்த இட்லி மாவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதைக் 'கெட்டுப்போதல்' என்று ஒப்புக்கொள்வது சற்றுக் கடினம்தான். ஆனாலும் வேதம் விதித்த தடை அரிசிக்கு இல்லை. கிழக்கு ஐரோப்பிய, ஜெர்மானிய வேர்களைக் கொண்ட அஷ்கெனாசி யூதர்கள் அரிசி, பயறு, சோளம் போன்றவற்றைப் பஸ்காவில் உண்ணாமல் விடுவது பின்னாளில் ஏற்பட்ட வேறொரு வழக்கம். அதன் விளைவு ஒன்று மட்டும் நம் கேக்கைத் தொடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி நேரம். மாவில் தண்ணீர் பட்டுச் சும்மா கிடந்தால் எவ்வளவு நேரத்தில் அது ஹமேட்ஸ் ஆகிறது? ஒரு 'மில்' தூரம், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், நடக்கும் நேரம் என்பது தல்மூதின் அளவு. 16ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஷுல்கான் அருக் என்னும் சட்டத் தொகுப்பு அதை 18 நிமிடம் என்று கணக்கிடுகிறது. மாவைத் தொடர்ந்து பிசைந்துகொண்டே இருந்தால் அது புளிக்காது என்பதும் பழைய சட்டமே. ஆனாலும் நடைமுறையில், தண்ணீர் ஊற்றியது முதல் அடுப்புக்குள் போவது வரை எல்லாமே 18 நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்ற கண்டிப்பு நிலைத்துவிட்டது. கையால் மட்ஸா செய்யும் கூடங்களில் இதன் வேகத்தைப் பார்க்கலாம். மாவு ஓர் அறையிலும் தண்ணீர் வேறோர் அறையிலும் இருக்கும். தண்ணீர்கூட அன்று பிடித்ததாக இருக்கக் கூடாது. முந்தைய மாலையே எடுத்து இரவு முழுவதும் ஆறவைத்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் வெதுவெதுப்பு புளிப்பை விரைவுபடுத்தும். பிசைந்தவுடன் மெல்லிய வட்டங்களாகத் தேய்த்து, உப்பாமல் இருக்கத் துளைகள் இட்டு, கொதிக்கும் அடுப்பில் மிகச் சிறிது நேரம் சுட்டு எடுக்கிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் உருளைகள், மேசை விரிப்புகள், கைகள் எல்லாம் சுத்தமாக்கப்பட்டோ மாற்றப்பட்டோதான் அடுத்த சுற்று தொடங்கும்.

மாவு புளித்துவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க மிஷ்னா தரும் அடையாளம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: மாவின் மேல் வெட்டுக்கிளியின் கொம்புகளைப் போல மெல்லிய வெடிப்புகள் தோன்றுவது. கடிகாரம் இல்லாத காலத்துச் சமையலறையில், மாவின் முகத்தை உற்றுப் பார்த்துப் பழகிய யாரோ கண்டு சொன்னது அது. அதேபோல், மட்ஸா வெந்துவிட்டதா என்பதற்கும் ஓர் அடையாளம் உண்டு. அதைப் பிட்டுப் பார்க்கும்போது மாவு நூல் நூலாக இழுபடக் கூடாது. நூல் இழுபடாவிட்டால் அது வெந்த அப்பம். அந்த நொடியிலிருந்து சட்டத்தின் பார்வையில் அது வேறு பொருளாகிவிடுகிறது.

இந்த மாற்றத்தில்தான் மட்ஸாப் பொடியின் நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒருமுறை சரியாக வெந்துவிட்ட மாவு மறுபடி புளிக்காது. அதை உடைக்கலாம், இடிக்கலாம், அரைக்கலாம், தண்ணீரில் ஊறவைக்கலாம். அது ஹமேட்ஸ் ஆகாது. இதற்குத் தல்மூதிலேயே சான்று இருக்கிறது. செதேர் இரவில் மட்ஸா உண்ண வேண்டிய கடமையை, தண்ணீரில் ஊறிய, ஆனால் கரைந்துவிடாத மட்ஸாவைக்கொண்டும் நிறைவேற்றலாம் என்று அது அனுமதிக்கிறது. உலர்ந்த மட்ஸாவைக் கடிக்க முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இந்த அனுமதி இன்றுவரை பயன்படுகிறது. ஊறிய மட்ஸா புளித்துவிடும் என்றால், புளிப்பில்லாததை உண்ண வேண்டிய அந்த இரவிலேயே அதை அனுமதித்திருக்க மாட்டார்கள்.

க்னேட்லாக் என்னும் மட்ஸா உருண்டையின் செய்முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மட்ஸாப் பொடியில் முட்டை, கோழிக் கொழுப்பு அல்லது எண்ணெய், சிறிது தண்ணீர் சேர்த்துக் கலந்து, பொடி ஈரத்தை இழுத்துக்கொள்வதற்காக அரைமணி நேரமோ அதற்கு மேலோ குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பிறகு உருட்டிக் கொதிக்கும் நீரிலோ சூப்பிலோ வேகவிடுகிறார்கள். அந்த அரைமணி நேரத்தைப் பச்சைக் கோதுமை மாவு கழித்திருந்தால் அது ஐயமின்றி ஹமேட்ஸ். மட்ஸாப் பொடிக்கு அந்த 18 நிமிடக் கணக்கே பொருந்தாது. அதன் கடிகாரம் அடுப்புக்குள் போனபோதே நின்றுவிட்டது.

அப்படியென்றால் நேரடியாகக் கோதுமை மாவை எடுத்து, தண்ணீர் சேர்த்துக் கேக்குக்குக் கலந்து, 18 நிமிடத்துக்குள் அடுப்பில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கொள்கையளவில் நல்ல கேள்வி. நடைமுறையில் அதை யாரும் செய்வதில்லை. கடையில் கிடைக்கும் மாவு பெரும்பாலும் ஆலையில் அரைபடுவதற்கு முன்பே தண்ணீரில் நனைக்கப்பட்ட கோதுமையிலிருந்து வருவது. தோல் எளிதில் பிரிவதற்காக அப்படி நனைத்துச் சில மணி நேரம் வைப்பது ஆலைகளின் வழக்கம். ஆகவே பையைப் பிரிப்பதற்கு முன்பே அந்த மாவு ஐயத்துக்கு உரியதாகிவிடுகிறது. மட்ஸாவுக்கான கோதுமை நனைக்கப்படாமல் தனியாக அரைக்கப்படுகிறது; 'ஷ்முரா' என்று வழங்கும் சிறப்பு மட்ஸாவுக்கோ அறுவடை முதலே ஈரம் படாமல் கண்காணிக்கப்படுகிறது. கேக்கைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: கேக் கலவையை மட்ஸாபோல இடைவிடாமல் பிசைந்துகொண்டிருக்க முடியாது, மெல்லிய தகடாகச் சில நொடிகளில் வேகவைக்கவும் முடியாது.

கடையில் மட்ஸாப் பொடி வாங்குபவர் பெட்டியைப் படிக்காமல் வாங்கக் கூடாது. மட்ஸா ஆண்டு முழுவதும் விற்கும் உணவு. 18 நிமிடக் கண்காணிப்பு இல்லாமல் செய்யப்பட்ட, பஸ்காவுக்கு உகந்ததல்ல என்று அச்சிடப்பட்ட மட்ஸாவும் மட்ஸாப் பொடியும் விற்பனையில் உண்டு. பஸ்காவுக்கு உகந்தது என்ற சான்று முத்திரை உள்ளதையே எடுக்க வேண்டும். சற்றுக் கொரகொரப்பான பொடி உருண்டைகளுக்கும் வறுவல் மேல்பூச்சுக்கும் ஏற்றது. 'கேக் மீல்' என்ற பெயரில் வருவது அதையே மாவுபோல நைசாக அரைத்தது, கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் அதுவே பொருத்தம்.

சமையல் நோக்கில் மட்ஸாப் பொடி ஓர் அடங்காத பொருள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பச்சை மாவில் தண்ணீர் சேர்த்தால் அதன் புரதம் இழுபடும் வலையாகப் பின்னிக்கொள்ளும். அந்த வலைதான் காற்றைப் பிடித்துவைத்துக் கேக்கை நிறுத்துகிறது. மட்ஸாவில் அந்தப் புரதம் ஏற்கெனவே வெந்து இறுகிவிட்டது. வலை பின்ன அதனால் முடியாது. ஆனால் ஈரத்தை மட்டும் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும். கோதுமை மாவு போடும் அளவுக்கு அதைப் போட்டால் கிடைப்பது கேக் அல்ல, செங்கல். அதனால்தான் பஸ்கா கேக்குகள் எட்டு, பத்து முட்டைகள் என்று கேட்கின்றன. வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்து, கடைசியில் மெதுவாகக் கலந்து, அந்த நுரையின் பலத்தில் கேக்கை எழுப்புகிறார்கள். பொடியின் அளவைக் குறைத்து, மீதிக்கு உருளைக்கிழங்கு மாவுச்சத்தைச் சேர்ப்பது பொதுவான உத்தி.

பேக்கிங் சோடா அல்லது பேக்கிங் பவுடர் போடலாமா? புளிப்பூட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பலர் இங்கே தயங்குகிறார்கள். சோடா ஒரு தாது உப்பு. அது தானியம் அல்ல, எனவே ஹமேட்ஸும் அல்ல. பேக்கிங் பவுடரில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கமான பேக்கிங் பவுடரில் ஈரம் உறிஞ்சுவதற்காகச் சோள மாவுச்சத்து சேர்த்திருப்பார்கள், சோளத்தையோ அஷ்கெனாசி யூதர்கள் பஸ்காவில் தொடுவதில்லை. முன்பு குறிப்பிட்ட வழக்கம் கேக்கைத் தொடும் இடம் இதுதான். ஆகவே பஸ்காவுக்கென்று உருளைக்கிழங்கு மாவுச்சத்துக் கலந்த பேக்கிங் பவுடர் தனியாக விற்கிறது. பொடித்த சர்க்கரைக்கும் இதே கதைதான். வனிலாச் சாறு தானியத்திலிருந்து வடித்த ஆல்ககாலில் ஊறியதாக இருக்கலாம் என்பதால் அதற்கும் முத்திரை பார்க்கிறார்கள். ரொட்டிக்கான ஈஸ்ட் பஸ்கா சமையலறைக்குள் வருவதில்லை.

பஸ்காவுக்கு மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும் உள்ள உணவுச் சட்டமும் கேக்கின் உள்ளே புகுந்து வேலை செய்கிறது. இறைச்சியையும் பாலையும் ஒரே உணவில் சேர்க்கக் கூடாது. செதேர் விருந்தின் முதன்மை உணவு பெரும்பாலும் இறைச்சியாக இருப்பதால், அதன்பின் வரும் இனிப்பு வெண்ணெயோ பாலோ கலக்காத 'பார்வே' வகையாக, அதாவது இரண்டிலும் சேராத நடுநிலை உணவாக இருந்தாக வேண்டும். எனவே எண்ணெய், பாதாம், ஆரஞ்சுச் சாறு, தேன் ஆகியவை பஸ்கா கேக்கின் சுவையை அமைத்தன. பாத்திரங்களும் அப்படியே. ஆண்டு முழுவதும் ரொட்டி சுட்ட தட்டு ஹமேட்ஸின் சாரத்தைத் தன்னுள் உறிஞ்சியிருக்கிறது என்பது சட்டத்தின் கருத்து. நேரடி நெருப்பில் பயன்பட்ட பாத்திரத்தை நெருப்பாலேயே பழுக்கக் காய்ச்சித்தான் தூய்மையாக்க முடியும். மெல்லிய கேக் தட்டுகள் அந்தச் சூட்டைத் தாங்காமல் வளைந்துவிடும் என்பதால், பலர் பஸ்காவுக்கென்று தனித் தட்டுகளை எடுத்துவைத்துக்கொள்கிறார்கள்.

கேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், செதேர் இரவில் மட்ஸா உண்ண வேண்டிய கடமைக்கு அது ஈடாகாது. உபாகமம் மட்ஸாவைச் 'சிறுமையின் அப்பம்' என்று அழைக்கிறது. முட்டையும் சர்க்கரையும் சேர்ந்தது சிறுமையின் அப்பம் ஆகாது. மாவும் தண்ணீரும் மட்டுமே சேர்ந்த வெறும் மட்ஸாவைத்தான் உண்ண வேண்டும். பஸ்காவுக்கு முந்தைய பகலில் மட்ஸாவை உண்ணக் கூடாது என்ற விதியும் உண்டு, இரவில் அதை ஆவலோடு உண்பதற்காக. தண்ணீரில் வேகவைத்த உருண்டைகள் மட்ஸா என்ற நிலையை இழந்துவிடுவதால் அன்று அவற்றை உண்ணலாம் என்று பலர் அனுமதிக்கிறார்கள். அடுப்பில் சுட்ட மட்ஸாப் பொடிக் கேக்கை அன்று உண்ணலாமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும், மட்ஸாப் பொடியைப் பஸ்காவில் தொடவே தொடாத யூதர்கள் உண்டு. கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த பக்தி இயக்கமான ஹசிதிய மரபைச் சேர்ந்தவர்கள் பலர், மட்ஸா தண்ணீரைத் தொட்டுவிட்டால் அதை உண்பதில்லை. அஷ்கெனாசி யூதர்களின் இட்டிஷ் மொழியில் இதற்கு 'கெப்ராக்ட்ஸ்' என்று பெயர். 'உடைக்கப்பட்டது' என்பது அதன் பொருள். அவர்கள் வெந்த மாவு மறுபடி புளிக்கும் என்று சொல்லவில்லை. அவர்களுடைய அச்சம் நுட்பமானது: மட்ஸாவுக்குள் எங்கோ ஒரு மூலையில் பிசைபடாத பச்சை மாவு சிறிது தங்கியிருந்து, நெருப்பு அதை வேகவைக்காமல் விட்டிருந்தால், இப்போது படும் தண்ணீர் அதை ஹமேட்ஸ் ஆக்கிவிடுமே! சபாத் என்னும் ஹசிதியப் பிரிவை நிறுவிய லியாடி நகரத்து ரபி ஷ்நேயூர் சல்மான் (1745–1812) இதைப் பற்றிய சட்டக் கேள்விக்கு எழுதிய விடையில், 18 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தால் மாவைப் போதுமான அளவு பிசையாமல் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் பச்சை மாவு தங்கிவிடுகிறது என்று காரணம் காட்டுகிறார். புளிப்புக்கு அஞ்சி ஏற்படுத்திய அவசரமே புதிய புளிப்பு அச்சத்தைப் பெற்றெடுத்தது என்பது இந்தச் சட்ட வரலாற்றில் எனக்குச் சுவையான திருப்பமாகப் படுகிறது.

சிறு ஐயத்துக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், அதற்கும் சட்டத்தில் காரணம் இருக்கிறது. மற்றத் தடைசெய்யப்பட்ட உணவுகள் தவறுதலாகக் கலந்துவிட்டால், பொதுவாக அறுபது மடங்கு அனுமதிக்கப்பட்ட உணவு இருக்கும்போது அந்தக் கலப்பு இல்லாததாகக் கருதப்படும். பஸ்காவின் நாட்களில் ஹமேட்ஸுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஆயிரத்தில் ஒரு துணுக்கு விழுந்தாலும் முழுவதும் தடையாகிவிடும் என்பதே அஷ்கெனாசி நடைமுறை. ஒரு மூலைப் பச்சை மாவு என்ற எண்ணம் இந்தப் பின்னணியில்தான் பெரிதாகத் தெரிகிறது.

அஷ்கெனாசிகளில் ஹசிதியத்தைச் சேராத லித்துவேனிய மரபினரும், ஸ்பெயின், போர்ச்சுகல் வேர்களைக் கொண்ட செபார்தி யூதர்களும் மட்ஸாவில் தண்ணீர் படக் கூடாது என்ற இந்த வழக்கத்தை ஏற்கவில்லை. செபார்தி வீடுகளில் ஊறவைத்த மட்ஸாவை அடுக்கி, நடுவே இறைச்சி வைத்துச் சுடும் 'மீனா' என்ற உணவு பஸ்காவின் அடையாளமாகவே இருக்கிறது. 1838இல் அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஐசக் சிங்கர் மட்ஸா மாவைத் தேய்க்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1859இல் ரபி ஷ்லோமோ க்ளூகர் அதைக் கடுமையாக எதிர்க்க, ரபி ஜோசப் சவுல் நாதன்சன் ஆதரிக்க, அது பெரிய சட்டச் சண்டையாக வெடித்தது. இயந்திரத்தின் பல்சக்கரங்களில் மாவு சிக்கிப் புளிக்கும் என்பதும், கையால் மட்ஸா செய்து பிழைக்கும் ஏழைகளின் வருவாய் போய்விடும் என்பதும் எதிர்ப்பின் வாதங்களில் அடங்கும். அந்தச் சண்டை ஓய்ந்து இயந்திர மட்ஸா பரவியது. இன்றைய மட்ஸா மிக மெல்லியதாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதால், உள்ளே பச்சை மாவு தங்கும் வாய்ப்பு மிகவும் குறைவு என்றே மட்ஸாப் பொடியைப் பயன்படுத்துவோர் வாதிடுகிறார்கள். அந்த வாதம் வலுவானதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் வழக்கம் வாதத்தால் மட்டும் மாறுவதில்லை.

கெப்ராக்ட்ஸ் உண்ணாதவர்களின் பஸ்கா கேக்கில் மட்ஸாவே இருக்காது. அரைத்த பாதாம், அக்ரூட் பருப்பு, உருளைக்கிழங்கு மாவுச்சத்து ஆகியவற்றால் அது செய்யப்படும். மேசையில் மட்ஸா ஒரு பையிலோ துணியிலோ மூடியே இருக்கும். அதன் துணுக்கு சூப்பில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கவனம். இஸ்ரேலில் 7 நாட்களும் இப்படியே கழியும். அதற்கு வெளியே வாழ்பவர்களுக்கு 8ஆம் நாள் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது வேதத்தால் அல்லாமல் ரபிகளின் ஆணையால் வந்த நாள் என்பதால், இந்தக் கண்டிப்பை அன்று தளர்த்தலாம் என்றும், அது பண்டிகையின் மகிழ்ச்சியைக் கூட்டும் என்றும் ரபி ஷ்நேயூர் சல்மானே சொல்லியிருக்கிறார். அன்று அந்த வீடுகளில், அந்த ஒரு நாளுக்கென்றே தனியாக வைத்திருக்கும் கிண்ணங்களை எடுத்து, ஏழு நாட்கள் ஈரம் படாமல் காத்த மட்ஸாவைச் சூப்பில் நொறுக்கிப் போட்டு, க்னேட்லாக் உருட்டி, மட்ஸாப் பொடியில் கேக்கும் சுட்டு உண்கிறார்கள்.